ஸ்வஸ்திகாவைக் கழற்றிய டிவிஷன்

1924 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவம் ஒரு துண்டுத் துணிக்கு ஒப்புதல் கொடுத்தது. முனை கீழே வரும்படி நிற்கும் சிவப்புச் சதுரம், நடுவில் மஞ்சளில் ஒரு ஸ்வஸ்திகா. பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுக்கு டிவிஷன் என்று பெயர். 45ஆவது காலாட்படை டிவிஷனின் வீரர்கள் இடது தோளில் தைத்துக்கொள்ள வேண்டிய பேட்ச் அது. அதே மாதத்தில் ஹிட்லர் பவேரியாவின் லான்ட்ஸ்பெர்க் சிறையில் கைதியாக இருந்தார். ஓக்லஹோமாவில் அந்தப் பேட்ச்சைப் பார்த்த யாருக்கும் அவர் ஞாபகம் வந்திருக்க வாய்ப்பில்லை.

இருபது வருடம் சொச்சம் கழித்து, 1945 ஏப்ரல் 29 அன்று, இதே டிவிஷனின் வீரர்கள் ஜெர்மனியில் நாஜிகளின் டாஹாவ் வதைமுகாமுக்குள் நுழைந்தார்கள். அப்போது அவர்கள் தோளிலும் அதே சிவப்புச் சதுரம்தான். ஆனால் நடுவில் இருந்தது மஞ்சள் நிற இடிப்பறவை. ஸ்வஸ்திகா முகாமை நடத்தியவர்களிடம் இருந்தது.

இந்த முரணுக்காக மட்டும் இந்த நிகழ்வை எடுத்துக்கொள்ளவில்லை. ராணுவப் பேட்ச்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியல் போடுவார்கள். சிங்கம் என்றால் வீரம், மின்னல் என்றால் வேகம், சிவப்பு என்றால் சிந்திய ரத்தம். அதெல்லாம் வரைந்து கொடுத்தவர் எழுதிய விளக்கக் குறிப்பு. தோளில் ஏறிய பிறகு அந்தத் துணிக்கு என்ன நடக்கிறது என்பது அந்தக் குறிப்பில் இருக்காது. 45ஆவது டிவிஷன் விஷயத்தில் அதைக் கண்ணெதிரே பார்க்கலாம். துணி மாறவில்லை, அதைப் பார்க்கிற கண்கள் மாறின. கடைசியில் துணியையே மாற்ற வேண்டி வந்தது.

ஆள் தெரியாமல் திட்டிய தளபதி

அதற்குள் போகுமுன், தோளில் இப்படி ஒரு துணியை ஒட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல், ஃபிலிப் கியர்னி என்ற தளபதி சாலையோரம் சும்மா இருந்த சில அதிகாரிகளைத் தன் ஆட்கள் என்று நினைத்துக் கண்டபடி திட்டினாராம். அவர்கள் வேறு டிவிஷன்காரர்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பியவர், தன் ஆட்கள் தொப்பியில் சிவப்புத் துணி வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டதாகச் சொல்வார்கள். சம்பவம் அப்படியே நடந்ததோ, சொல்லச் சொல்ல வளர்ந்ததோ, சிவப்புத் துணி மட்டும் உண்மை. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று ஷான்டிலி சண்டையில் கியர்னி செத்துப்போனார். அவருடைய ஆட்கள் துணியைக் கழற்றவில்லை.

அடுத்த வருடமே அது முறையான ஏற்பாடானது. 1863 மார்ச்சில், ஜெனரல் ஹூக்கரின் கீழ் இருந்த பட்டர்ஃபீல்டு, பல டிவிஷன்கள் சேர்ந்த ஒவ்வொரு கோர் படைக்கும் ஒரு வடிவம் கொடுத்தார். முதல் கோருக்கு வட்டம், இரண்டாவதற்கு மூவிலை, மூன்றாவதற்கு டைமன், ஆறாவதற்குச் சிலுவை, பதினொன்றாவதற்குப் பிறை. வடிவத்தைப் பார்த்தால் எந்தக் கோர் என்று தெரியும். நிறத்தைப் பார்த்தால் அதற்குள் எந்த டிவிஷன் என்று தெரியும்: முதல் டிவிஷன் சிவப்பு, இரண்டாவது வெள்ளை, மூன்றாவது நீலம். விளக்கம், தத்துவம் எதுவும் இதில் கிடையாது. தபால் பெட்டியில் முகவரி எழுதிய மாதிரி. ஓடிப்போய்ப் பின்தங்குகிறவன் யாருடைய ஆள் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் என்பது இதன் உபரிப் பயன்.

தொப்பியிலிருந்து தோளுக்கு இறங்கியது முதல் உலகப் போரில். தெற்கு கரோலினாவில் பயிற்சி எடுத்த 81ஆவது டிவிஷன், முகாமருகே ஓடிய வைல்ட்கேட் என்ற ஓடையின் பெயரை வைத்துக்கொண்டு, காட்டுப்பூனை உருவத்தைத் தோளில் தைத்துக்கொண்டு 1918 ஆகஸ்டில் பிரான்சுக்குக் கப்பல் ஏறியது. அனுமதி எதுவும் இல்லை. மற்ற டிவிஷன்கள் முறையிட, விவகாரம் பிரான்சிலிருந்த அமெரிக்கப் படைகளின் தலைவர் ஜெனரல் பெர்ஷிங் வரை போனது. கழற்றச் சொல்லிவிடுவார் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது தலைகீழ். அக்டோபர் 19 அன்று பூனைக்கு அதிகாரபூர்வ அனுமதி கிடைத்தது, மற்ற டிவிஷன்களும் ஆளுக்கொன்று தயார் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. மூன்று வாரத்தில் போரே முடிந்துவிட்டது. அதனால் பல டிவிஷன்களின் பேட்ச் சண்டையைப் பார்த்ததே இல்லை. ஜெர்மனியில் காவல் இருந்த மாதங்களிலும் ஊர் திரும்பிய ஊர்வலங்களிலும்தான் அவை முதன்முதலாக வெளியே தெரிந்தன.

நான்கு பக்கம், நான்கு மாநிலம்

45ஆவது டிவிஷன் நேஷனல் கார்டு படை. அதாவது மற்ற நாட்களில் பண்ணையிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் வாரத்தில் ஒரு மாலை கூடிப் பயிற்சி எடுத்த மாநிலப் படை. ஓக்லஹோமா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ என்று நான்கு மாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சதுரத்தின் நான்கு பக்கம் அந்த நான்கு மாநிலம். சிவப்பும் மஞ்சளும் அந்தத் தென்மேற்குப் பகுதியை ஒரு காலத்தில் ஆண்ட ஸ்பெயினின் நிறங்கள். நடுவில் ஸ்வஸ்திகா, அங்கே வாழும் பூர்வகுடி மக்களுக்கு மரியாதையாக.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நவஹோ மக்களிடம் 'சுழலும் மரக்கட்டைகள்' என்று சொல்லப்பட்ட அந்த வடிவம் நோய் தீர்க்கும் சடங்குகளோடு சேர்ந்தது. அவர்களுடைய கம்பளங்களிலும் வெள்ளி நகைகளிலும் அது இருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் நல்ல அதிர்ஷ்டம் என்று சொல்லி அதை வாங்கிப் போனார்கள். அரிசோனாவின் நெடுஞ்சாலைப் பலகைகளில்கூட ஸ்வஸ்திகா இருந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் அந்தப் பேட்ச்சைப் பார்த்தால் 'நம்ம பக்கத்துப் பையன்' என்று புரிந்துகொள்வார். பேட்ச் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். அதை அது ஒழுங்காகச் செய்தது.

ஊரைச் சொல்லும் பேட்ச் அமெரிக்க டிவிஷன்களில் நிறைய உண்டு. 29ஆவது டிவிஷனின் வட்டத்தில் நீலமும் சாம்பலும் ஒன்றையொன்று வளைத்துக்கொண்டிருக்கும். உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற வடக்கு, தெற்கு மாநிலங்களின் பேரன்கள் ஒரே டிவிஷனில் என்று பொருள். 36ஆவது டிவிஷனுக்கு அம்புமுனை, அதன் மேல் டி எழுத்து. எழுத்து டெக்சாஸுக்கு, அம்புமுனை ஓக்லஹோமாவுக்கு. பிறகு ஓக்லஹோமாக்காரர்கள் 45ஆவது டிவிஷனுக்குப் போய்விட்டார்கள், அம்புமுனை மட்டும் டெக்சாஸ்காரர்களிடம் தங்கிவிட்டது. அதை யாரும் திருத்தவில்லை. பழகிய பிறகு பேட்ச்சின் அர்த்தத்தை அதை அணிகிறவர்களே படிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கழற்றியபோது

1935 செப்டம்பரில் ஸ்வஸ்திகாக் கொடி ஜெர்மனியின் ஒரே தேசியக் கொடியானது. செய்தித்தாள்களிலும் திரையரங்கச் செய்திப்படங்களிலும் அந்தச் சின்னம் வாராவாரம் வந்தது. தோளில் ஸ்வஸ்திகாவுடன் அணிவகுக்கும் ஓக்லஹோமா வீரனின் நிலையை யோசித்துப் பாருங்கள். 'இது நவஹோ சின்னம், எங்களுடையது முந்தையது' என்று அவன் விளக்கலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் தோள் பேட்ச் என்பது விளக்கம் சொல்ல நேரம் இல்லாத இடத்துக்காகவே பிறந்தது. ஐம்பது அடி தூரத்தில், ஒரு நொடியில், பார்த்தவுடன் புரிய வேண்டும். பக்கத்தில் நின்று ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டால் அது பேட்ச்சாகத் தோற்றுவிட்டது.

போர் தொடங்கும் முன்பே டிவிஷன் அதைக் கைவிட்டது. புதிய சின்னத்துக்கு வடிவங்கள் வந்து குவிந்தன, பரிசீலனை நீண்டது. கடைசியில் தேர்வானது ஓக்லஹோமாவின் கார்னெகி ஊரைச் சேர்ந்த வுடி பிக் போ வரைந்த இடிப்பறவை. அவர் கயோவா இனத்து ஓவியர். 1939இல் ஒப்புதல் கிடைத்தது. சிறகடித்தால் இடி, கண் சிமிட்டினால் மின்னல் என்று பல பூர்வகுடி மக்களின் கதைகளில் வரும் பறவை அது. அளவில்லாத மகிழ்ச்சியைச் சுமந்து வருகிற புனிதப் பறவை என்பது டிவிஷன் தந்த விளக்கம்.

இந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்தது, மாற்றாமல் விட்டவைதான். சதுரம் அப்படியே. அது முனையில் நிற்கும் விதம் அப்படியே. சிவப்பும் மஞ்சளும் அப்படியே. பூர்வகுடி மக்களுக்கான மரியாதையும் அப்படியே, சொல்லப்போனால் கூடியிருந்தது: இந்த முறை வரைந்தவரே அந்த மக்களில் ஒருவர். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வடிவத்துக்கும் நிறத்துக்கும் பிறகுதான் உருவம் கண்ணில் படும். எனவே பழைய பேட்ச்சோடு பழகியவர் புதியதையும் தடுமாறாமல் அடையாளம் கண்டிருப்பார். பெயர்ப்பலகையில் ஒரு எழுத்தை மட்டும் திருத்திய மாதிரி. ஒரு குழு சேர்ந்து எடுத்த முடிவு இவ்வளவு நன்றாக அமைவது அபூர்வம்.

நஷ்டப்பட்டவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். டிவிஷனுக்கு மாற்று கிடைத்தது, சின்னத்தின் சொந்தக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. 1940 பிப்ரவரியில் அரிசோனாவின் டூசான் நகரில் நவஹோ, ஹோபி, அப்பாச்சி மக்களும், அன்று பபாகோ என்று அழைக்கப்பட்ட மக்களும், தங்கள் பிரதிநிதிகள் வழியாக ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார்கள். கம்பளம், கூடை, உடை எதிலும் இனி அந்த வடிவத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்பது அதன் சாரம். தலைமுறை தலைமுறையாக நல்லதுக்கு வரைந்த ஒன்றை, கடல் கடந்து வேறு யாரோ கெடுத்ததற்காக இவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

எதிரியும் படிப்பான்

1940 செப்டம்பர் 16 அன்று டிவிஷன் முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டது. 1943 ஜூலை 10 அன்று சிசிலியில் கரையிறங்கியது. அப்புறம் சலேர்னோ, அன்சியோ, 1944 ஆகஸ்டில் தெற்கு பிரான்ஸ், பிறகு ஜெர்மனி. சலேர்னோவில் பக்கத்திலேயே சண்டையிட்டது அம்புமுனை போட்ட 36ஆவது டிவிஷன்.

சீருடை எல்லாருக்கும் ஒன்று, தலைக்கவசம் ஒன்று, முகத்தில் ஒரே புழுதி. அந்த நிலையில், வழி தவறிய வீரனுக்குத் தன் ஆட்கள் எந்தப் பக்கம் என்று சொல்வது எதிரே வருகிறவனின் தோள்தான். ஆனால் பேட்ச்சைப் படிப்பது நம் ஆள் மட்டும் இல்லை. பிடிபட்ட கைதியின் தோளைப் பார்த்தாலே எதிரே நிற்பது எந்த டிவிஷன் என்று எதிரியின் உளவுப் பிரிவுக்குத் தெரிந்துவிடும். எந்த டிவிஷன் எங்கே என்று தெரிந்தால், தாக்குதல் எங்கே வரும் என்று கணக்குப் போடலாம். அதனால் ஒரு படையை ரகசியமாக நகர்த்தும்போது முதலில் வருகிற உத்தரவுகளில் ஒன்று: பேட்ச்சைக் கழற்று, வண்டியின் பம்பரில் இருக்கும் எண்ணை மறை.

இதையே தலைகீழாகப் போட்டு ஒரு படை பிழைப்பு நடத்தியது. 23ஆவது தலைமையகச் சிறப்புத் துருப்புகள் என்ற பெயரில் சுமார் 1,100 பேர். பேய்ப்படை என்று பின்னால் பெயர் வாங்கியவர்கள். காற்றடைத்த ரப்பர் டாங்கிகளும், டாங்கி ஓடும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போடும் வண்டிகளும் அவர்களிடம் இருந்தன. அவற்றைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். ஆனால் ஊசியும் நூலும்கூட அவர்களுடைய ஆயுதம். எந்த டிவிஷனாக நடிக்க வேண்டுமோ அதன் பேட்ச்சைத் தைத்துக்கொண்டு, பம்பரில் அதன் எண்ணை எழுதிக்கொண்டு, ஊருக்குள் போய் நாலு பேர் கேட்கும்படி பேசிவிட்டு வருவார்கள். உளவு சொல்கிறவன் எவனாவது பார்த்துப் போய்ச் சொல்வான் என்பதே திட்டம். 1945 மார்ச்சில் ரைன் நதிக்கரையில் இந்த ஆயிரத்து சொச்சம் பேர் 30ஆவது, 79ஆவது என்று இரண்டு முழு டிவிஷன்களாக நடித்தார்கள். இல்லாத டிவிஷன்களுக்குப் பேட்ச் வடிவமைத்ததும் இதே போரில் நடந்தது. நார்மண்டி தாக்குதலுக்கு முன்னும் பின்னும் ஜெர்மானியர்களை ஏமாற்ற, ஆளே இல்லாத படைப்பிரிவுகளுக்கு எண்ணும் சின்னமும் கொடுக்கப்பட்டன.

பேட்ச்சுக்குத் தன்னளவில் பொருள் உண்டு என்று இன்னும் யாராவது நினைத்தால், இந்தப் போலி டிவிஷன்களை ஒரு நிமிடம் யோசிக்கலாம். அணிய ஆள் இல்லை, சொல்ல வரலாறு இல்லை. ஆனாலும் எதிரி நம்பினான்.

துணியில் ஏறியது

இடிப்பறவைக்கு டிவிஷன் தந்த பொருள் மகிழ்ச்சி. போர் வேறு பொருள்களை அதன் மேல் ஏற்றியது.

இந்த டிவிஷனில் பூர்வகுடி வீரர்கள் ஏராளம். எர்னஸ்ட் சைல்டர்ஸ் மஸ்கோகி இனத்தவர், ஜாக் மான்ட்கோமரி செரோக்கி, வான் பார்ஃபுட் சாக்டா. மூவருமே இத்தாலியச் சண்டைகளுக்காக அமெரிக்காவின் உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர்கள். 1924இல் மரியாதைக்காகப் பிறந்த பேட்ச், இருபது வருடத்தில் உள்ளபடியே அவர்களுடையதாகிவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. சிசிலியில் இறங்கி நான்கு நாள் கழித்து, 1943 ஜூலை 14 அன்று, பிஸ்காரி விமானத்தளத்தருகே இதே பேட்ச் அணிந்தவர்கள் 73 போர்க்கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் இத்தாலியர்கள். தனித்தனியாக நடந்த இரண்டு சம்பவங்கள். ராணுவ நீதிமன்றத்தில் ஒருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, சீக்கிரமே விடுதலையும் கிடைத்தது. மற்றவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். டிவிஷனின் பெருமைகளைச் சொல்லும் பக்கங்களில் இதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

டாஹாவிலும் இரண்டும் கலந்தே இருந்தன. முகாமுக்கு வெளியே நின்ற ரயில் பெட்டிகளில் பிணங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போன, டிவிஷனைச் சேர்ந்த 157ஆவது ரெஜிமென்ட் வீரர்களில் சிலர், சரணடைந்த எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் காவலர்களைச் சுட்டார்கள். பட்டாலியன் தளபதி ஃபீலிக்ஸ் ஸ்பார்க்ஸ் கைத்துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டு, கத்தி, அதை நிறுத்தினார். விசாரணை நடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை.

அதே நாள் அதே முகாமுக்கு 42ஆவது டிவிஷனும் வந்தது. தோளில் கால்வட்ட வானவில் போட்டவர்கள். முதல் போரில் 26 மாநிலங்களிலிருந்து ஆள் திரட்டிய டிவிஷன் என்பதால் வானவில். முதலில் அரைவட்டமாக இருந்த வில், அந்தப் போரில் இழந்த பாதிப் பேருக்காகக் கால்வட்டமாகச் சுருங்கியது என்று அவர்கள் சொல்வதுண்டு. டாஹாவை முதலில் திறந்தது வானவில்லா இடிப்பறவையா என்ற சண்டை இரு தரப்பு முன்னாள் வீரர்களுக்கும் இடையே பல பத்தாண்டுகள் நடந்தது. உயிர் பிழைத்த கைதிகளுக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது என்று தோன்றுகிறது. ஆனால் அந்தச் சண்டை ஒரு விஷயத்தைக் காட்டுகிறது. தபால் முகவரியாகத் தொடங்கிய துணி, இப்போது ஒரு நாளுக்கு யார் சொந்தக்காரர் என்று கேட்கும் பத்திரமாகிவிட்டது.

இடது தோள், வலது தோள்

அந்த மாற்றத்தை ராணுவமே விதியாக்கியது. 1945இலிருந்து, போரில் எந்தப் பிரிவோடு இருந்தாரோ அதன் பேட்ச்சை வீரர் வலது தோளில் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. இடது தோள் இப்போது எங்கே இருக்கிறார் என்று சொல்லும், வலது தோள் எங்கே சண்டையிட்டார் என்று சொல்லும். ஒரே துணி, தோள் மாறினால் வாக்கியத்தின் காலம் மாறிவிடுகிறது. பழைய வீரர்கள் புதியவரைச் சந்தித்தால் முகத்துக்கு முன் வலது தோளைத்தான் பார்ப்பார்கள். காலியாக இருந்தால் அதுவும் ஒரு செய்திதான்.

அந்தக் காலப் பேட்ச்கள் பெரும்பாலும் பருத்தி நூலில் எந்திரத் தையல், ஓரத்தில் இன்றைய தடித்த சுருட்டுத் தையல் கிடையாது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் உள்ளூர்த் தையற்காரர்களிடம் ஜரிகையில் செய்து வாங்கியவர்களும் உண்டு. இடிப்பறவையின் சிறகு அதில் கொஞ்சம் கோணலாக இருந்தால் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். பழையது என்று விற்கப்படும் பேட்ச்சைப் புற ஊதா விளக்கில் காட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பளிச்சென்று ஒளிர்ந்தால் பிற்காலத்துச் செயற்கை நூல் என்று சந்தேகிப்பார்கள். ஸ்வஸ்திகா போட்ட பழைய 45ஆவது பேட்ச்சை விற்க வருகிறவர் முதலில் அது நாஜிப் பொருள் இல்லை என்று விளக்கியாக வேண்டும். 1930களின் தொல்லை இன்னும் தீரவில்லை.

1945 ஏப்ரல் 30 அன்று ம்யூனிக் விழுந்தது. ப்ரின்ஸ்ரீகென்டன்பிளாட்ஸில் இருந்த ஹிட்லரின் அடுக்குமாடி வீட்டை 45ஆவது டிவிஷனின் 179ஆவது ரெஜிமென்ட் தன் கட்டளை நிலையமாக்கிக்கொண்டது. டாஹாவிலிருந்து நேராக வந்த போர்ப் புகைப்படக்காரர் லீ மில்லர் அங்கே ஹிட்லரின் குளியல் தொட்டியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டது அன்றுதான். வீரர்கள் அந்த வீட்டுப் பொருட்களில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அவற்றில் பல, ஓக்லஹோமா சிட்டியில் இந்த டிவிஷனுக்காக அமைந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே டிவிஷனின் 1924ஆம் வருடத்து ஸ்வஸ்திகாவும் ஹிட்லரின் ஸ்வஸ்திகாவும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. எது யாருடையது என்று பக்கத்தில் சீட்டு எழுதி வைக்க வேண்டியிருந்தது.